காட்டுக்குப் போகும்போது 'மேக்னம்' ரிவால்வர் கையில் இருக்கலாமா? காரங்காடு முதல் முதுமலை வரை... சட்டம் சொல்வது என்ன?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது காரங்காடு. கோட்டக்கரையாறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்திக் காடு அடர்ந்து நிற்கும் மீனவ கிராமம். வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவுக்காக, லீவு நாட்களில் படகு சவாரிக்கும் கயாக் துடுப்புப் போடவும் கூட்டம் வருகிறது. பெயரிலேயே காடு இருந்தாலும் இங்கே புலி கிடையாது, கரடி கிடையாது, யானையும் கிடையாது. நாரையும் கொக்கும் நண்டும்தான்.

ஆனாலும் காடு என்றதும் "பாதுகாப்புக்கு என்ன எடுத்துட்டுப் போறது?" என்ற கேள்வி பலருக்கும் வருகிறது. அமெரிக்காவில் காட்டுக்குள் நடக்கப் போகிறவர்கள் இடுப்பில் மேக்னம் ரிவால்வர் செருகிக்கொண்டு போகும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்லயும் லைசென்ஸ் வாங்கி இப்படிப் போகலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. மேக்னம் என்றால் என்ன, அங்கே எதற்காக அதைத் தேர்வு செய்கிறார்கள், இங்கே அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் கால் வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

முதலில், மேக்னம் என்பது என்ன?

மேக்னம் என்பது ஒரு கம்பெனியின் பெயரோ துப்பாக்கியின் மாடலோ இல்லை. லத்தீன் மொழியில் 'பெரியது' என்று பொருள். வழக்கமான பாட்டிலைப்போல இரண்டு மடங்கு, அதாவது ஒன்றரை லிட்டர் பிடிக்கும் ஷாம்பெயின் பாட்டிலை மேக்னம் என்பார்கள். அங்கிருந்துதான் தோட்டாவுக்கு இந்தப் பெயர் வந்தது. அதே விட்டம், ஆனால் நீளமான தோட்டா உறை, உள்ளே அதிக மருந்து, அதனால் அதிக வேகம். விஷயம் அவ்வளவுதான்.

1935-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் .357 மேக்னம் ரிவால்வரைக் கொண்டுவந்தது. 1955-ல் .44 மேக்னம் வந்தது. 1971-ல் வெளியான 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் அது இருந்ததுதான் உலகம் முழுக்க அந்தப் பெயர் பரவக் காரணம். 2003-ல் .500 மேக்னம் வந்தது. அது ஐந்து தோட்டா மட்டுமே பிடிக்கும், ஏறக்குறைய 2 கிலோ எடை. இடுப்பில் கட்டினால் இரண்டு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்ட மாதிரிதான்.

பெயருக்கு முன்னால் வரும் .357, .44 எல்லாம் தோட்டாவின் விட்டம், அங்குலக் கணக்கில். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து பலத்தை முடிவு செய்ய முடியாது. இந்தியாவில் உரிமம் பெற்றவர்கள் பரவலாக வைத்திருக்கும் .32 ரிவால்வரின் தோட்டா குழலை விட்டு வெளியே வரும்போது அதன் ஆற்றல் சுமார் 150 ஜூல். .357 மேக்னம் என்றால் சுமார் 700 ஜூல். .44 மேக்னம் 1,000 ஜூலைத் தாண்டிவிடும். விட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும் அடியில் ஐந்து, ஏழு மடங்கு வித்தியாசம்.

அமெரிக்கர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

அலாஸ்கா மாதிரி இடங்களில் கரடிதான் கணக்கு. பழுப்புக் கரடி அரை டன் எடைவரை வளரும். அது பாய்ந்து வந்தால் ஆளுக்குக் கிடைப்பது சில நொடிகள். அந்த நேரத்தில் தோளில் மாட்டிய ரைபிளைக் கழற்ற முடியாமல் போகலாம் என்பதால் இடுப்பிலோ மார்பிலோ ரிவால்வர் கட்டிக்கொள்கிறார்கள். பிஸ்டலைவிட ரிவால்வரை விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் பிஸ்டலில் அதைக் கையால் இழுத்து வெளியே தள்ள வேண்டும். ரிவால்வரில் ட்ரிகரை மறுபடி இழுத்தால் போதும், சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும்.

தேர்வில் இழுபறி வருவது எடைக்கும் உதைப்புக்கும் நடுவில்தான். கனமான ரிவால்வர் சுடும்போது கையை அதிகம் உதைக்காது, ஆனால் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். 700 கிராம் எடையில் .44 மேக்னம் ரிவால்வர்களும் இருக்கின்றன. சுமக்க சுகம், சுட்டால் மணிக்கட்டு கழன்றுவிடும் போல இருக்கும். முதல் தோட்டா தவறினால் இரண்டாவதைக் குறி வைப்பதற்குள் நேரம் போய்விடும். அதனால் அனுபவசாலிகள் பலர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடையும் நான்கு அங்குலக் குழலும் கொண்ட .357 அல்லது .44-ல் நின்றுகொள்கிறார்கள். .357 ரிவால்வரில் உதைப்பு குறைவான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம் என்பதால் பயிற்சிக்கு அதைப் பயன்படுத்துவார்கள். தோட்டாவிலும் வகை உண்டு. உடலுக்குள் போய் விரிகிற குழிமுனைத் தோட்டா மனிதர்களை மனதில் வைத்துச் செய்தது. கரடியின் கொழுப்பையும் எலும்பையும் தாண்ட வேண்டும் என்றால் விரியாமல் நேராக உள்ளே போகும் கெட்டி ஈயத் தோட்டா வேண்டும்.

இவ்வளவு பார்த்து வாங்கியும் துப்பாக்கி காப்பாற்றுகிறதா? அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை நடந்த 269 கரடி சம்பவங்களை டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அலசி 2012-ல் வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருந்தவர்களில் 84 சதவீதம் பேருக்கும், நீளக்குழல் துப்பாக்கி வைத்திருந்தவர்களில் 76 சதவீதம் பேருக்கும் அது கைகொடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: துப்பாக்கி வைத்திருந்தும் சுடாதவர்களையும் சுட்டவர்களையும் ஒப்பிட்டால், காயம் படுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதே குழு 2008-ல் கரடி ஸ்ப்ரேயைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமில்லாமல் தப்பியிருந்தார்கள். அது நம்மூர் கைப்பை மிளகு ஸ்ப்ரே இல்லை. தீயணைப்பான் மாதிரி பல மீட்டர் தூரத்துக்கு மேகம்போலப் பீய்ச்சுவது.

நம்ம ஊர் காட்டுக்கு மேக்னம் சரிவருமா?

தமிழ்நாட்டில் 2025 கணக்கெடுப்பின்படி 3,170 யானைகள் இருக்கின்றன. நம் காட்டில் நடப்பவர் அதிகம் பயப்பட வேண்டிய பெரிய விலங்கு யானைதான். ஆப்பிரிக்காவில் சட்டபூர்வ வேட்டை நடக்கும் பல நாடுகளில் யானை மாதிரி ஆபத்தான விலங்குக்கு .375 ரைபிள்தான் குறைந்தபட்சம் என்று விதி இருக்கிறது. அதன் ஆற்றல் 5,500 ஜூலுக்கும் மேல். .44 மேக்னம் அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. நான்கு டன் யானைமேல் அதைச் சுடுவது, கோபத்தில் வரும் யானையை இன்னும் கோபப்படுத்துவதில்தான் முடியும். ஜிம் கார்பெட்டும், தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சனும் நம்பியது ரைபிளைத்தான். ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் இன்றும் அவரது வாசகர்கள் பேசும் துப்பாக்கி.

இப்போது காட்டைக் காவல் காக்கிறவர்களைப் பாருங்கள். முதுமலையிலோ சத்தியமங்கலத்திலோ ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பெரும்பாலும் கம்பு, டார்ச், அரிவாள் இவற்றோடுதான் நடக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றுவது காற்று வீசும் திசையும், சாணத்தின் சூடும், முன்னால் போகும் பழங்குடி நண்பரின் காதும்தான். 2021-ல் மசினகுடி பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 புலியைக்கூட, சென்னை உயர் நீதிமன்றம் கொல்ல வேண்டாம் என்று சொன்ன பிறகு, அக்டோபர் 15-ம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தது வனத்துறை.

தமிழ்நாட்டில் மலையேற்றத்தில் நடந்த மிகப் பெரிய துயரம் எது? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீ. 23 பேர் இறந்தார்கள். அங்கே எந்த விலங்கும் யாரையும் தாக்கவில்லை. அதற்குப் பிறகு வழிகாட்டியோடு, பதிவு செய்து, குறிப்பிட்ட பாதையில் மட்டும் போகும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. தீப்பிடிக்கும் பருவத்தில் அந்தப் பாதைகள் மூடப்படும்.

சரி, லைசென்ஸ் கிடைக்குமா?

இந்தியாவில் துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமை இல்லை, அனுமதி. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டரிடமும் சென்னையில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். கைத்துப்பாக்கிக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான்: உங்கள் உயிருக்கு என்ன அச்சுறுத்தல்? "லீவுக்கு காட்டுக்குப் போவேன் சார்" என்ற பதிலை வைத்து எந்த அதிகாரியும் ரிவால்வர் லைசென்சில் கையெழுத்துப் போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

2019 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம், இப்போது இரண்டுதான். உரிமத்தின் ஆயுள் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமானது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தடைசெய்யப்பட்ட வகை ஆயுதம் என்றால் 7 முதல் 14 ஆண்டு. கல்யாணம், திருவிழா என்று ஆட்களுக்கு ஆபத்து வரும்படி வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் 2 ஆண்டு வரை சிறை உண்டு.

உரிமம் கிடைத்தாலும் மேக்னம் வாங்குவது தனிக் கதை. தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்துகொள்ள 1980-களிலிருந்தே கட்டுப்பாடு இருக்கிறது. புகழ்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. ஆகவே சந்தையில் சுற்றுவது பெரும்பாலும் பழைய காலத்து வெளிநாட்டுத் துப்பாக்கிகள். கை மாறும்போதெல்லாம் விலை ஏறிக்கொண்டே போகும். உள்நாட்டில் கிடைப்பது .32 ரகம். கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014-ல் பெண்களை மனதில் வைத்து 'நிர்பீக்' என்ற அரை கிலோ எடை ரிவால்வரை வெளியிட்டது. அன்றைய விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். 2023 ஆகஸ்டில் 'பிரபல்' வந்தது. 50 மீட்டர் தூரம் சுடும் என்று விளம்பரம் செய்தார்கள். இரண்டுமே மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ள. யானைக்கோ கரடிக்கோ இல்லை.

ஒரு கிளைச் செய்தி. கர்நாடகத்தின் குடகில் கொடவர்களுக்கும் 'ஜம்மா' நில உரிமைக்காரர்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸ் விலக்கு பிரிட்டிஷ் காலத்திலிருந்து தொடர்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. பக்கத்து மாநிலத்தில் இருக்கே, நமக்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த விலக்கு அந்த மக்களுக்கு மட்டும்தான்.

லைசென்ஸ் துப்பாக்கியோடு காட்டுக்குள் நுழையலாமா?

இங்கேதான் பலருக்கும் தெரியாத சிக்கல். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு ரொம்ப நேரடியானது. தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் முன் எழுத்து அனுமதி இல்லாமல், எந்த ஆயுதத்தோடும் யாரும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. கலெக்டர் கொடுத்த லைசென்ஸ் பையில் இருந்தாலும் இதே விதிதான். தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்த கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவும் அதில் அடக்கம்.

34-வது பிரிவு இன்னும் ஒரு படி வெளியே வருகிறது. சரணாலயத்திலும் அதைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள்ளும் வசிக்கும் துப்பாக்கி உரிமதாரர்கள், சரணாலயம் அறிவிக்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் வனத்துறையிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புது உரிமம் கொடுக்க வேண்டும் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதல் முன்கூட்டியே தேவை. ராமநாதபுரம்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று மாவட்டத்தில் பறவைகள் சரணாலயங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பார்த்தால் எத்தனை ஊர்கள் உள்ளே வரும் என்று புரியும். தனுஷ்கோடியிலும் 2025-ல் பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

சரணாலயம் இல்லாத காப்புக்காட்டில்? வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். துப்பாக்கியோடு நுழைந்தால் "வேட்டைக்கு வரவில்லை" என்று நிரூபிக்கும் தலைவலி உங்களுடையது. வேட்டை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் அகலமானது. கொல்வது மட்டுமல்ல, விரட்டுவது, கண்ணி வைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே அதில் வரும்.

உயிருக்கு ஆபத்து வந்தால் சுடலாம்தானே?

சுடலாம். 11-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு காட்டு விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ குற்றமில்லை. சாமானியருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பெரிய பாதுகாப்பு இது.

ஆனால் அதே உட்பிரிவில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தற்காப்பு தேவைப்பட்ட நேரத்தில் நீங்கள் இந்தச் சட்டத்தையோ அதன் விதிகளையோ மீறிக்கொண்டிருந்தால் இந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது. இப்போது 31-வது பிரிவோடு சேர்த்துப் படியுங்கள். அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் ரிவால்வரோடு நுழைகிறீர்கள். கரடி பாய்கிறது. சுடுகிறீர்கள். உயிர் தப்புகிறீர்கள். ஆனால் ஆயுதத்தோடு நுழைந்த அந்த நொடியிலேயே சட்டத்தை மீறியாகிவிட்டது. எனவே "தற்காப்புக்காகச் சுட்டேன்" என்ற வாதம் நிற்காது. வெறுங்கையோடு அனுமதி பெற்றுப் போனவர், கீழே கிடந்த கம்பால் கரடியை அடித்துத் தப்பினால் சட்டம் அவர் பக்கம் நிற்கும். பாதுகாப்புக்கு என்று எடுத்துப்போன துப்பாக்கிதான் சட்டப் பாதுகாப்பைப் பறிக்கிறது.

அட்டவணை ஒன்றில் இருக்கும் விலங்கைக் கொன்றாலோ, எந்த விலங்கையும் சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். யானை, புலி, கரடி மூன்றும் அட்டவணை ஒன்றில்தான் இருக்கின்றன. தற்காப்பில் கொன்றதாகவே ஏற்றுக்கொண்டாலும் அந்த விலங்கு அரசின் சொத்து. பல், நகம், தோல் எதையும் தொடக் கூடாது.

காட்டுப்பன்றிக்காவது?

விவசாயிகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. மல்லாட்டையும் சோளமும் போட்டவர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் இதற்கு ஒரு நடைமுறை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். ஆனால் சுடப்போவது வனத்துறை, விவசாயி இல்லை. இந்த வரியைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பார்த்து நாட்டுத் துப்பாக்கியை எடுத்தவர் கைதாக வேண்டியதுதான். அவுட்டுக்காய் வைப்பது அதைவிட மோசம். பழத்துக்குள் வைக்கும் அந்த வெடியைக் கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாள் கணக்கில் பட்டினி கிடந்து செத்த யானைகள் உண்டு.

ஏர்கன் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. .177 அளவுக்குள், 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றல் கொண்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதை வைத்துக் கண்மாயில் கொக்கையோ நாரையையோ சுடலாம் என்று அர்த்தமில்லை. சுட்டால் அதுவும் வேட்டைதான், அதே சட்டம்தான். அருணாச்சலப் பிரதேசத்தில் 2021-ல் அரசே இயக்கம் நடத்தி, மக்கள் தாங்களாக ஏர்கன்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். பறவைகளின் சத்தம் குறைந்துபோன காடுகளைப் பார்த்து எடுத்த முடிவு அது.

அப்போ காரங்காட்டில் எதற்குப் பயப்பட வேண்டும்?

சேற்றுக்கு. அலையாத்தியின் மூச்சுவேர்கள் ஆணி முளைத்த மாதிரி நிற்கும் சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் சிப்பி ஓடு கிழிக்கும். ஆழமில்லாத தண்ணீரில் திருக்கை மணலுக்குள் பதுங்கிக் கிடக்கும். அதனால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள் மீனவர்கள். சில மாதங்களில் சொறி வரும், பட்டால் எரியும். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது.

கரைக்கு வந்தால் பாம்பு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்கிறது 2020-ல் வந்த ஓர் ஆய்வு. ஆண்டுக்கு சராசரியாக 58 ஆயிரம். புலி, யானை, கரடி எல்லாம் சேர்ந்தாலும் இதன் பக்கத்தில் வராது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கான விஷத்தைப் பெருமளவு எடுத்துக் கொடுப்பது செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். வலையில் சிக்கும் கடல் பாம்புக்கு இந்த மருந்து பொருந்தாது என்பதையும் கடலோரத்தில் இருப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கடித்தால் கட்டு இறுக்குவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருட்டில் நடக்க டார்ச், தரையைத் தட்ட ஒரு கம்பு, கணுக்காலை மூடும் ஷூ. மொத்தச் செலவு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்.

இந்தக் கரையில் தோட்டா கிடந்தால்?

கேட்க விசித்திரமாக இருக்கலாம். ராமேஸ்வரம் பக்கம் இது நடந்திருக்கிறது. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும் வெடிபொருட்களும் வந்தன. இலங்கைப் போராளிக் குழுக்கள் இங்கே இருந்த 1980-களில் புதைத்தவை என்று போலீஸ் சொன்னது. அப்படி எதையாவது பார்த்தால் எடுத்துப் பார்க்கவோ, செல்ஃபி எடுக்கவோ, ஞாபகத்துக்கு ஒன்றைப் பையில் போடவோ கூடாது. துருப்பிடித்த தோட்டா ஒன்று பையில் இருந்தாலும் ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். 112-க்கோ, கடலோரம் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ சொன்னால் போதும்.

ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர் டூர் போனால்?

தொழில் காரணமாக உரிமத்தோடு ரிவால்வர் வைத்திருப்பவர்கள் குடும்பத்தோடு காரங்காட்டுக்கோ முதுமலைக்கோ போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று புத்தகத்தில் பார்க்க வேண்டும். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு, முழுக்க மறைத்து, தன் கட்டுப்பாட்டில்தான் வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2016 விதிகள். காரின் டேஷ்போர்டில் போட்டுவிட்டுப் படகு ஏறுவது அதில் வராது. லாட்ஜ் அறை அலமாரியும் வராது. வழியில் சரணாலயமோ புலிகள் காப்பகமோ இருந்தால், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே உள்ளூர் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிடலாம். தேர்தல் நேரத்தில் ஒப்படைப்பதைப்போலத்தான் இதுவும். துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி மூன்றும் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்ப வாங்கும்போது தோட்டாக்களை அந்த ரசீதோடு ஒன்றொன்றாக எண்ணிச் சரிபார்த்து வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் உரிமதாரர்தான்.